கேமராவுக்குப் பின்னால் ஆள் வேண்டும்

2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதிகாலை 4 மணி தாண்டிய சில நிமிடங்களில், கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குள் ஓர் ஆள் நுழைவதை சிசிடிவி கேமரா பதிவு செய்தது. இரவெல்லாம் வேலை பார்த்த பெண் பயிற்சி மருத்துவர் ஒருவர் அங்கே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுக்கப் போயிருந்தார். காலையில் அவருடைய சடலம்தான் கிடைத்தது. கேமராப் பதிவையும் கூடத்தில் கிடந்த புளூடூத் இயர்போனையும் வைத்து மறுநாளே ஆளைப் பிடித்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று சியால்தா நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கேமரா தன் வேலையைச் செய்தது. ஆனால் கேமராவால் யாரையும் தடுக்க முடியாது. உள்ளே நுழைந்தவரோ காவல் துறையே வேலைக்கு வைத்த ஆள். கொல்கத்தா போலீஸின் ‘சிவிக் வாலண்டியர்’. காவல் ஆணையர் பெயரில் பதிவான மோட்டார் சைக்கிளில் சுற்றி, காவலர் குடியிருப்பில் தங்கி வந்தவர். மருத்துவமனையில் அவரை யாரும் தடுத்துக் கேட்கவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் போலீஸ். சட்டத்தின் கண்ணுக்கு அவர் போலீஸ் அல்ல.

காவல் துறைக்கு அரசுகள் ஒதுக்கும் பணம் எதற்குப் போகிறது, எதற்குப் போகவில்லை என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்கென்று நிர்பயா நிதியிலிருந்து எட்டுப் பெருநகரங்களுக்குப் ‘பாதுகாப்பான நகரம்’ திட்டம் 2018இல் ஒப்புதல் பெற்றது. மொத்தம் சுமார் 2,919 கோடி ரூபாய். அதில் கொல்கத்தாவுக்கு 181.32 கோடி, சென்னைக்கு 425.06 கோடி. கேமரா, கட்டுப்பாட்டு அறை, மென்பொருள் போன்றவற்றுக்கே இதில் முதலிடம். காவல் துறை நவீனமயத்துக்கென 2021-22 முதல் 2025-26 வரை 26,275 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு 2022இல் ஒப்புதல் தந்தது. இந்த நவீனமய நிதி கருவிக்கும் கட்டடத்துக்கும் கிடைக்கும். ஒரு கான்ஸ்டபிளின் மாதச் சம்பளத்துக்குக் கிடைக்காது. சம்பளம் மாநிலத்தின் பாடு.

இந்த ஏற்பாடு மாநிலங்களை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை ஊகிக்கப் பெரிய பொருளாதார அறிவு தேவையில்லை. கேமரா ஒரு முறைச் செலவு, அதிலும் பெரும்பகுதி டெல்லியிலிருந்து வருகிறது, திறப்பு விழாவும் நடத்தலாம். கான்ஸ்டபிள் என்றால் முப்பது ஆண்டுச் சம்பளம், பிறகு ஓய்வூதியம். ஆகவே காலிப் பணியிடங்கள் காலியாகவே கிடக்கின்றன. நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 197 காவலர் இருக்க வேண்டும் என்று அரசுகளே அனுமதித்திருக்கின்றன. இருப்பவர்கள் 155 பேர் அளவில்தான். காவல், சிறை, நீதிமன்றம், சட்ட உதவி நான்கையும் அளந்து பார்க்கும் ‘இந்திய நீதி அறிக்கை’ 2025இல், 18 பெரிய, நடுத்தர மாநிலங்களில் மேற்கு வங்கத்துக்குக் கிடைத்தது கடைசி இடம்.

அந்த வெற்றிடத்தை மேற்கு வங்கம் நிரப்பிய விதம்தான் ஆபத்தானது. 2011க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிவிக் வாலண்டியர்கள் எடுக்கப்பட்டார்கள். 2024 பட்ஜெட்டில் ஆயிரம் ரூபாய் உயர்த்திய பிறகும் அவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் அளவில்தான் கிடைத்தது. கான்ஸ்டபிளின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டுமே 22,700. அகவிலைப்படி நிலுவையில் நான்கில் ஒரு பங்கையாவது கொடு என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிடும் நிலையில் இருந்த மாநிலத்துக்கு இந்தக் கணக்கு இனித்தது.

ஆர்.ஜி. கர் சாலை பிரியும் சியாம்பஜார் ஐந்து முனைச் சந்திப்பைப் பாருங்கள். வெள்ளைச் சீருடையில் ஒரு சார்ஜென்ட் இருந்தால், சுற்றிலும் லாரிக்கும் ஆட்டோவுக்கும் கைகாட்டி நிற்பவர்கள் சிவிக் வாலண்டியர்கள். வண்டியை மறிப்பார்கள், அபராதச் சீட்டு எழுத அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. வெயிலிலும் மழையிலும் நகரத்தின் போக்குவரத்தைத் தாங்கி நிற்பவர்களில் பெரும்பாலானோர் நேர்மையான ஏழை இளைஞர்கள், அவர்கள் மீது நமக்குக் கோபம் இல்லை. ஒருவரை முறையாகத் தேர்ந்தெடுக்காமல், பயிற்சி தராமல், பொறுப்பும் சுமத்தாமல், லத்தியை மட்டும் கையில் கொடுக்கிற அரசின் மீதுதான் கோபம்.

எச்சரிக்கை இல்லாமல் இது நடக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ஹவுரா மாவட்டம் ஆம்தாவில் மாணவர் தலைவர் அனீஸ் கான் இறந்த வழக்கில் கைதானவர்களில் ஒருவர் சிவிக் வாலண்டியர். 2023 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் வற்புறுத்திய பிறகே, சட்டம் ஒழுங்குப் பணியில் இவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று அரசு விதிமுறை எழுதியது. அடுத்த ஆண்டே ஆர்.ஜி. கர். எந்தச் சட்டத்தின் கீழ், என்ன தகுதி பார்த்து, எப்படி விசாரித்து இவர்களை எடுத்தீர்கள் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கேட்டது. முதல் ஆளை எடுக்கும்போதே சட்டமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதைத் தூரத்து ஊர்க் கதையாகப் படிக்க முடியாது. 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ தன்னார்வலர் அமைப்பின் பெயர், 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டபோது அடிபட்டது. அடுத்த மாதமே அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. அதே சாத்தான்குளத்தில் கேமராவும் இருந்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் கண்டது என்ன? பதிவுகளைச் சேர்த்து வைக்க ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். உண்மையை வெளியே கொண்டு வந்தது அந்த இயந்திரம் அல்ல, நடுங்கிக்கொண்டே சாட்சி சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலர். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துக் குறைந்தது ஓராண்டுப் பதிவைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைப் பார்க்கவும் பாதுகாக்கவும், மணி அடித்தால் ஓடிப் போகவும் பயிற்சி பெற்ற, பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதர்கள் இல்லாவிட்டால், குற்றம் நடந்த பிறகு போட்டுப் பார்க்கும் படம் மட்டுமே மிஞ்சும்.

கொல்கத்தாதான் நாட்டிலேயே பாதுகாப்பான பெருநகரம் என்று ஒரு பதில் வரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் லட்சம் பேருக்கு 86.5 குற்றங்கள், பெருநகரங்களிலேயே குறைவு. அந்தப் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் பதிவான வழக்குகளின் எண். புகாரைக் கேட்டு எழுத ஆள் பற்றாத நிலையத்தில் அந்த எண் தானாகவே சிறுத்துவிடும். இன்னொரு பதில், ஓ.பி.சி. சான்றிதழ்களை ரத்து செய்த 2024 மே மாதத்துக் கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஆட்சேர்ப்பை முடக்கிவிட்டது என்பது. முடக்கியது உண்மை. காலியிடங்களின் வயது அந்தத் தீர்ப்பின் வயதை விட மிக அதிகம்.

எனவே நவீனமய நிதியின் அடுத்த கட்டத்துக்கு மத்திய அரசு ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஆண்டுதோறும் இத்தனை விழுக்காட்டை நிரப்பினால்தான் அடுத்த தவணை. வெறும் நிபந்தனையோடு நிற்காமல், புதிய காவலர்களின் முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கையும், பயிற்சிக் கல்லூரிகளின் முழுச் செலவையும் டெல்லி ஏற்க வேண்டும். விசாரணைக்கும் சட்டம் ஒழுங்குக்கும் தனித்தனி ஆட்கள் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னதை, ஆள் இல்லை என்ற காரணத்தால்தான் மாநிலங்கள் இன்றும் தட்டிக் கழிக்கின்றன.

மேற்கு வங்கம் செய்ய வேண்டியது இன்னும் நேரடியானது. சிவிக் வாலண்டியர்களில் தகுதியுள்ளவர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்தி, எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, பின்னணி விசாரணை மூன்றையும் நடத்திக் கான்ஸ்டபிளாக எடுக்கட்டும். தமிழ்நாடு 2013இல் 7,500 ரூபாய் தொகுப்பூதியத்தில் காவல் இளைஞர் படையை உருவாக்கியபோது, அதற்கென்று சட்டமன்றத்தில் ஒரு சட்டம் இருந்தது; தேர்வு எழுதி இரண்டாம் நிலைக் காவலராகும் வழியும் இருந்தது. அந்த வழி கொல்கத்தாவிலும் அகலமாகத் திறக்கட்டும். தேர்வாகாதவர்களுக்குக் காவல் துறைக்கு வெளியே கௌரவமான ஊதியத்தில் வேலை தரட்டும். அதுவரை, மருத்துவமனை, பள்ளி, காவல் நிலையம் மூன்றின் வாசலிலும் பணியில் நிற்பவர் யார், அவரை எந்த அதிகாரி எப்போது விசாரித்துச் சேர்த்தார் என்ற பட்டியலை கொல்கத்தா போலீஸின் லால்பஜார் தலைமையகம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும்.