வில்லன், டாக்டர் ஆன கதை

ஆஸ்கர் விழா என்றதும் சிறந்த நடிகர், சிறந்த நடிகை, சிறந்த படம் என்ற வரிசைதான் நினைவுக்கு வரும். ஆனால், நடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விருதையும் ஆஸ்கர் அகாடமி வழங்குகிறது. அடுத்தவர் துயர் துடைக்க உழைத்த திரையுலகினருக்கான மனிதநேய விருது அது. ஃபிராங்க் சினாட்ரா, பால் நியூமன், எலிசபெத் டெய்லர், ஆட்ரி ஹெப்பர்ன், ஓப்ரா வின்ஃப்ரே, ஏஞ்சலினா ஜோலி... இந்த விருதைப் பெற்றவர்கள் எல்லோரும் உலகப் புகழ் பெற்றவர்கள். ஆனால், அந்த விருது யாருடைய பெயரில் கொடுக்கப்படுகிறதோ, அவரைத்தான் இன்று பலருக்கும் தெரியாது.

அவர் பெயர் ஜீன் ஹெர்ஷோல்ட். ஊமைப்பட வில்லன், ரேடியோ டாக்டர், குழந்தைக் கதைகளின் மொழிபெயர்ப்பாளர், வயதான கலைஞர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர். இத்தனையும் ஒரே மனிதர்!

வெயிலில் வெந்த வில்லன்

டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனில் 1886-ம் ஆண்டு ஜூலை 12 அன்று பிறந்தார் ஹெர்ஷோல்ட். சினிமா என்ற புதுமை டென்மார்க்குக்கு வந்தபோது, அந்நாட்டின் ஆரம்ப காலப் படங்களிலும் தலைகாட்டினார். முதல் உலகப் போர் வெடித்த காலகட்டத்தில் அமெரிக்காவுக்குக் குடியேறினார். ஹாலிவுட் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

ஊமைப்படத்தில் உச்சரிப்பு ஒரு பிரச்னை இல்லை. முகம் பேசினால் போதும். ஹெர்ஷோல்ட்டின் கனத்த முகமும் பருத்த உடலும் இயக்குநர்களுக்கு வில்லனை நினைவூட்டின. 1922-ல் வந்த 'டெஸ் ஆஃப் த ஸ்டார்ம் கன்ட்ரி' படத்தில், அன்றைய அமெரிக்காவின் செல்லப்பிள்ளையான மேரி பிக்ஃபோர்டையே மிரட்டும் முரடனாக வந்தார். படம் பார்த்தவர்கள் எல்லோரும் அவரை வெறுத்தார்கள். வில்லன் நடிகருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு ஏது?

அடுத்து வந்ததுதான் அவரது உயிரையே பணயம் வைத்த படம். எரிக் வான் ஸ்ட்ரோஹைம் இயக்கி 1924-ல் வெளியான 'கிரீட்'. பேராசை என்று பொருள். ஹெர்ஷோல்ட்டுக்கு மார்கஸ் என்ற வேடம். தன் காதலியை நண்பனுக்கு விட்டுக்கொடுக்கிறான் மார்கஸ். அதன்பிறகு அந்தப் பெண்ணுக்கு லாட்டரியில் 5,000 டாலர் விழுகிறது. 'அது எனக்கு வரவேண்டிய பணம்' என்ற பொறாமை அவனைத் தின்ன ஆரம்பிக்கிறது. கடைசியில், மனைவியைக் கொன்றுவிட்டுப் பணத்தோடு ஓடும் நண்பனைத் துரத்திக்கொண்டு பாலைவனத்துக்குள் போகிறான். குடிக்க இருந்த தண்ணீரும் மண்ணில் கொட்டிவிட, இருவரும் சண்டையிடுகிறார்கள். மார்கஸ் செத்து விழுகிறான். ஜெயித்தவன் எழப் பார்க்கிறான். அப்போதுதான் தெரிகிறது, அவன் கையும் பிணத்தின் கையும் ஒரே விலங்கில் பூட்டப்பட்டிருப்பது!

இந்தக் காட்சியை ஸ்டுடியோவில் மணலைக் கொட்டி எடுத்திருக்கலாம். இயக்குநர் சம்மதிக்கவில்லை. கலிபோர்னியாவின் 'டெத் வேலி' என்னும் மரணப் பள்ளத்தாக்குக்கே எல்லோரையும் அழைத்துப் போனார். அதுவும் கொளுத்தும் கோடையில், 50 டிகிரி செல்சியஸை எட்டும் வெயிலில். நாள் முழுக்க அதில் புரண்டு சண்டை போட்ட ஹெர்ஷோல்ட், சுமார் 12 கிலோ எடை குறைந்து மருத்துவமனையில் படுத்தார்.

இவ்வளவு பாடுபட்டும், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தை இரண்டேகால் மணி நேரமாக வெட்டித்தான் வெளியிட்டது தயாரிப்பு நிறுவனம். வசூலும் தேறவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் உலகின் தலைசிறந்த ஊமைப்படங்களில் ஒன்று என்று அதைக் கொண்டாடினார்கள்.

பேசும் படம் பறித்த வேலைகள்

1927-ல் பேசும் படம் வந்தது. ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், நடிகர்கள் பலருக்குத் திண்டாட்டம். முதல் ஆஸ்கர் விருதை வாங்கிய ஜெர்மன் நடிகர் எமில் ஜானிங்ஸ்கூட ஆங்கில உச்சரிப்பு கைகொடுக்காமல் ஊர் திரும்பிவிட்டார். ஹெர்ஷோல்ட்டின் ஆங்கிலத்திலும் டேனிஷ் வாடை வீசியது. ஆனால், மைக்கில் அந்தக் குரல் இதமாக ஒலித்தது. அதட்டும் வில்லனைவிட, ஆறுதல் சொல்லும் தாத்தாவுக்குப் பொருந்துகிற குரல் அது.

வேடங்கள் மாறின. 1932-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற 'கிராண்ட் ஹோட்டல்' படத்தில், பிரசவ வலியில் இருக்கும் மனைவியை எண்ணித் தவித்தபடி வேலை பார்க்கும் ஹோட்டல் ஊழியராக வந்தார். 1937-ல் 'ஹைடி' படத்தில், குட்டி நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குத் தாத்தா.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையை அமெரிக்காவின் முதல் சினிமா நட்சத்திரம் என்றே சொல்வார்கள். 1910 வாக்கில் அவரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. 1930-களில் அதே லாரன்ஸ், கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகை. 1938-ல் அவர் இறந்தபோது சமாதியில் பெயர் பொறித்த கல்கூட வைக்கப்படவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1991-ல்தான் அந்தக் கல் வந்தது.

பெரிய நட்சத்திரத்துக்கே இந்த நிலை என்றால், விளக்குப் பிடித்தவர்கள், துணி தைத்தவர்கள், மேக்கப் போட்டவர்கள் கதி என்ன? இந்தக் கேள்வி ஹெர்ஷோல்ட்டைத் துளைத்தது.

ஐந்து குழந்தைகளும் ஒரு டாக்டரும்

1934 மே 28 அன்று, கனடாவின் ஒரு கிராமத்து வீட்டில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தன. அவர்களைப் பிழைக்க வைத்த கிராமத்து டாக்டர் ஆலன் டஃபோ, ஒரே நாளில் உலகப் பிரபலமானார். இரண்டே ஆண்டுகளில் அந்தச் சம்பவம் 'தி கன்ட்ரி டாக்டர்' என்று படமானது. நிஜக் குழந்தைகள் ஐவரும் திரையில் தோன்ற, டஃபோவை வைத்து உருவாக்கிய டாக்டராக ஹெர்ஷோல்ட் நடித்தார். படம் பெரிய வெற்றி.

இதே பாத்திரத்தை ரேடியோவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். உரிமை கிடைக்கவில்லை. சோர்ந்துவிடாமல் தானே ஒரு டாக்டரை உருவாக்கினார். பெயர்? குழந்தைப் பருவத்திலிருந்தே அவர் நேசித்த டென்மார்க்கின் கதைமேதை ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனிடமிருந்து எடுத்துக்கொண்டார். இப்படித்தான் 1937 நவம்பரில் சி.பி.எஸ். ரேடியோவில் 'டாக்டர் கிறிஸ்டியன்' பிறந்தார்.

ரிவர்ஸ் எண்ட் என்ற கற்பனைச் சிற்றூர். அங்கே ஒரு வயதான டாக்டர், அவருக்கு உதவியாக ஜூடி என்ற நர்ஸ். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதோடு, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைப்பது, வழி தவறிய பிள்ளைக்குப் புத்தி சொல்வது என்று ஊரின் எல்லா நோய்களையும் குணப்படுத்துவார் அவர். நாடகம் 1954 ஜனவரி வரை ஓடியது. பதினாறு வருடங்களுக்கு மேல்! இடையில் ஆறு திரைப்படங்களாகவும் வந்தது.

1940-களில் இன்னொரு புதுமையும் சேர்ந்தது. கதை எழுத நேயர்களையே அழைத்தார்கள். சிறந்த கதைக்கு 2,000 டாலர் பரிசு. இல்லத்தரசிகள், ஆசிரியர்கள், ராணுவ வீரர்கள் என்று கதைகள் வந்து குவிந்தன. பரிசு பெற்றவர்களில் ராட் செர்லிங் என்ற கல்லூரி மாணவரும் ஒருவர். பின்னாளில் 'தி ட்விலைட் ஸோன்' டி.வி. தொடரைப் படைத்துப் புகழ்பெற்றது அவர்தான்.

அதைவிட ஆச்சரியம், கதைகளோடு வந்த மற்ற கடிதங்கள். 'டாக்டர், எனக்கு இந்த இடத்தில் வலிக்கிறது, என்ன செய்யலாம்?' என்கிற ரகத்தில் உடல்நல ஆலோசனை கேட்டு நிஜமான நோயாளிகள் எழுதினார்கள். ஒரு காலத்தில் திரையில் பார்த்தாலே வெறுத்த மனிதரை, இப்போது முகம் தெரியாத குரலாகக் கேட்டு, தங்கள் வீட்டு டாக்டராகவே நம்பினார்கள்.

நடித்தது நிஜமானது

அந்த நம்பிக்கையை ஹெர்ஷோல்ட் வீணாக்கவில்லை.

ஊமைப்பட காலத்தில், அவர் திரையில் மிரட்டிய அதே மேரி பிக்ஃபோர்டும், சார்லி சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் போன்றவர்களும் முன்னின்று, நலிந்த சினிமா கலைஞர்களுக்காக 1921-ல் ஒரு நிவாரண நிதியைத் தொடங்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் அது உண்டியலில் விழும் சில்லறையை நம்பிய அமைப்பு. 1930-களின் பிற்பகுதியில் அதன் தலைவரானார் ஹெர்ஷோல்ட். சுமார் பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

மாதாமாதம் கொஞ்சம் பணம் கொடுத்தால் போதாது, வயதானவர்கள் மரியாதையோடு வாழ ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். பணத்துக்கு எங்கே போவது? ரேடியோதான் வழிவிட்டது. 1939-ல் 'ஸ்க்ரீன் கில்ட்' என்ற நாடக நிகழ்ச்சி தொடங்கியது. பெரிய பெரிய நட்சத்திரங்கள் அதில் சம்பளம் வாங்காமல் நடித்தார்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய தொகை நேராக நிவாரண நிதிக்குப் போனது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், வால்நட் மரங்களும் ஆரஞ்சு மரங்களும் நின்ற 48 ஏக்கர் நிலத்தை ஹெர்ஷோல்ட் தேர்ந்தெடுத்தார். 1942-ல் அங்கே முதியோர் இல்லம் திறக்கப்பட்டது. 1948-ல் மருத்துவமனையும் வந்தது. நட்சத்திரம், எலெக்ட்ரீஷியன் என்ற பேதமில்லாமல், சினிமாவுக்கு உழைத்த எல்லோருக்குமான இடம் அது.

இங்கே ஓர் இரவைச் சொல்லியாக வேண்டும். 1940 பிப்ரவரி 29. ஆஸ்கர் விழா. ஹெர்ஷோல்ட் தலைமையிலான நிவாரண நிதிக்கு அன்று சிறப்பு விருது. 'கான் வித் த விண்ட்' படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்கும் விருது. ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆனால், நிறவெறி கோலோச்சிய காலம். சக நடிகர்களோடு உட்கார விடாமல், அவரைத் தனியாக ஒரு மேஜையில் அமர வைத்திருந்தார்கள். பின்னர் அவரும் ரேடியோவில் 'பியூலா' என்ற தொடரின் நாயகியாகி வீடுவீடாகப் புகழ்பெற்றார். புற்றுநோய் தாக்கியது. 1952 அக்டோபரில் மெக்டேனியலின் கடைசி நாட்கள் கழிந்தது, ஹெர்ஷோல்ட்டின் உழைப்பில் எழுந்த அதே மருத்துவமனையில்தான். விழா அரங்கில் தனி மேஜைக்கு ஒதுக்கப்பட்டவருக்கு, அங்கே ஒரு படுக்கை இருந்தது.

ஆட்டின் மேல் ஒரு பையன்

இவ்வளவு வேலைகளுக்கு நடுவே, தாய்மொழியையும் ஹெர்ஷோல்ட் மறக்கவில்லை. ஆண்டர்சனின் 160-க்கும் மேற்பட்ட கதைகளை டேனிஷிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1949-ல் வெளியான அந்த ஆறு தொகுதிகளும் இன்றும் மதிக்கப்படும் மொழிபெயர்ப்பு. தான் தேடித் தேடிச் சேர்த்த ஆண்டர்சனின் அரிய நூல்களையும் கடிதங்களையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். 1945 முதல் 1949 வரை ஆஸ்கர் அகாடமியின் தலைவர் நாற்காலியும் அவருடையதுதான். 1948-ல் டென்மார்க் அரசு அவருக்கு வீரத்திருமகன் பட்டம் அளித்தது.

1956 ஜூன் 2 அன்று, புற்றுநோயால் 69 வயதில் காலமானார் ஹெர்ஷோல்ட். அதே ஆண்டிலேயே அவர் பெயரில் மனிதநேய விருதை அகாடமி ஏற்படுத்தியது. முதல் விருது 1957-ல் வழங்கப்பட்டது. வால்நட் தோப்பில் அவர் தொடங்கிவைத்த இல்லமோ, இன்றுவரை சினிமா, டி.வி. கலைஞர்களுக்கு நிழல் தருகிறது.

அவரது சமாதியில் வில்லனும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆட்டின் மேல் சவாரி செய்யும் ஒரு பையனின் சிலைதான் இருக்கிறது. ஆண்டர்சன் கதையில் வரும் ஹான்ஸ் அவன். அண்ணன்மார் இருவரும் குதிரையில் கிளம்ப, 'இவனுக்கு என்ன தெரியும்?' என்று எல்லோரும் சிரிக்க, ஆட்டின் மேல் ஏறி வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடைசியில் இளவரசியின் மனதை வெல்கிறவன்.

கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய இந்தப் பையனும் வெற்றி பெற்றான். பெற்றதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.