மேசை அழகும் கையின் சுகமும்

 

இம்மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று கணனி மேசையைப் பற்றியது. சிறிய விடயந்தானே என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஏனெனில் அதற்குள்ளே ஒரு வாப்பாவும் மகளும் இரண்டு வாரமாக முகங்கொடுத்துக் கதைக்காமல் இருக்கிறார்கள். கிழக்கிலங்கையைச் சேர்ந்த தாய் ஒருவர் எழுதுகிறார்: மகள் வீட்டிலிருந்தவாறே ஒரு நிறுவனத்துக்குக் கணக்குப் பதியும் வேலை செய்கிறார். தனது முதற் சம்பளத்தில் கீபோட், மௌஸ், அவற்றின் கீழே விரிக்கும் விரிப்பு, மணிக்கட்டு வைக்கும் அணை ஆகிய அனைத்தையும் ஒரே நிறத்தில் வாங்கி மேசையை அழகுபடுத்த விரும்புகிறார். இருப்பவை நன்றாக வேலை செய்யும்போது நிறம் பார்த்து வாங்குவது இஸ்ராப் என்கிறார் வாப்பா. நான் உழைத்த காசு என்கிறார் மகள். மார்க்கம் என்ன சொல்கிறது என்பது தாயின் கேள்வி.

முதலில் வாப்பாவுக்கு ஒரு வார்த்தை. தனது ஆடையும் பாதணியும் அழகாக இருக்க வேண்டுமென ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று ஸஹாபி ஒருவர் வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் அதனைப் பெருமை எனக் கூறவில்லை. அல்லாஹ் அழகை நேசிப்பவன் என்றே பதிலளித்தார்கள். சத்தியத்தை மறுப்பதையும் மனிதரை இழிவாக நோக்குவதையுமே பெருமை என்றார்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் உட்காரும் இடம் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டுமென்ற ஆசையை நாம் எப்படிக் குற்றம் என்போம்?

மகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. உழைத்த காசு என்பதனால் கேள்வி இல்லாமற் போய்விடுவதில்லை. பணத்தை எவ்வழியில் ஈட்டினாய் என்று மட்டுமல்ல, எதில் செலவிட்டாய் என்றும் மறுமையில் கேட்கப்படுவோம். அப்படியானால் அழகுக்கும் வீண்விரயத்துக்கும் எல்லை எங்கே? இவ்விடயத்தில் எனது அபிப்பிராயம் இதுதான்: கைக்குப் பொருந்தி, கண்ணுக்கும் இதமாகி, ஆண்டுக் கணக்கில் பாவனைக்கு வரும் பொருளை வாங்குவது விரயமல்ல. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கி, கை வலிக்கிறதென்று ஆறு மாதத்தில் அதே சாமானை இரண்டாம் முறை வாங்குவதே விரயம்.

இதற்குப் பெரிய இடத்து உதாரணமே இருக்கிறது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ஐமெக் என்ற கணனியை வெளியிட்டது. அன்றைய கணனிகள் பெரும்பாலும் பழுப்பு வெள்ளைப் பெட்டிகளாக இருந்த வேளையில், இது ஊடுருவித் தெரியும் நீலப்பச்சை நிறத்தில் வந்தது. அவுஸ்திரேலியாவின் பொண்டி கடற்கரையின் பெயரையே அந்நிறத்துக்கு வைத்தார்கள். கீபோட்டும் மௌஸும் அதே நிறம், அதே கண்ணாடித் தோற்றம். மேசையில் வைத்தால் மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் போலிருந்தன. ஆனால் மௌஸை நாணயம் போல வட்டமாகச் செய்துவிட்டார்கள்! எது முன்புறம், எது பின்புறம் என்று கையால் தடவி அறிவது கடினம். மேலே நகர்த்தினால் திரையில் அம்பு சாய்ந்து ஓடும். பலரும் முறையிட்டனர். அதன் மேல் மாட்டி, சாதாரண மௌஸின் வடிவத்தைக் கொடுக்கும் கூடுகளை வேறு நிறுவனங்கள் செய்து விற்றன. அந்தக் கூட்டை மாட்டியதும் ஒற்றுமையான தோற்றம் போயிற்று. 2000ஆம் ஆண்டில் ஆப்பிளே அதனைக் கைவிட்டு நீள்வட்ட மௌஸை வெளியிட்டது.

எனவே கடைக்குப் போகும்போது முதலில் கையை வையுங்கள், பிறகு நிறத்தைப் பாருங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாம். உள்ளங்கை மௌஸின் முதுகில் படிகிறதா, விரல்கள் மடங்காமல் பொத்தானில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இன்று மென்சிவப்பிலும் இளம்பச்சையிலும் விற்கப்படும் அழகிய சிறு கீபோட்கள் பலவற்றில் வலப்பக்கத்து இலக்கப் பகுதி இல்லை. கட்டுரை எழுதுபவருக்கு அது நன்மையே. மௌஸ் கைக்குக் கிட்ட வரும், தோள் விரியாது. ஆனால் கணக்குப் பதியும் இந்த மகளுக்கோ, கடைக் கணக்குப் பார்க்கும் நம் வியாபாரிகளுக்கோ இலக்கப் பகுதி இல்லாத கீபோட் ஒரு தண்டனை.

இனி நிற விடயத்துக்கு வருவோம். வெள்ளைக்கு வெள்ளை பொருந்தும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஒரு நிறுவனத்தின் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும், இன்னொன்றின் வெள்ளை பாலாடை போலிருக்கும். கடையின் வெள்ளை வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்தவை வீட்டு மஞ்சள் மின்குமிழின் கீழ் வெவ்வேறாகத் தெரிவதும் உண்டு. கிட்டத்தட்டப் பொருந்தும் இரண்டு நிறங்கள், முற்றிலும் வேறான இரண்டு நிறங்களை விடக் கண்ணை உறுத்தும். ஒரே நிறம் வேண்டுமானால் ஒரே நிறுவனத்தின் செட்டாக வாங்குங்கள். இல்லையேல் துணிந்து வேறு நிறமாக வையுங்கள். கறுப்புக் கீபோட்டும் சாம்பல் மௌஸும் சண்டை பிடிப்பதில்லை.

செட்டாக வாங்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வயர் இல்லாத பல செட்களில் கீபோட்டுக்கும் மௌஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிறு வாங்கி தான் கணனியில் செருகப்படுகிறது. பிள்ளைகள் அதைத் தொலைத்துவிட்டால் இரண்டும் பயனற்றுப் போகலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வயர் உள்ளதே பாதுகாப்பு. ஒன்று பழுதானாலும் மற்றது தப்பும். வயர் அசிங்கமாகத் தெரிகிறதென்றால் மேசையின் பின் விளிம்போடு இழுத்துக் கட்டிவிடலாம்.

நிறத்தை விட முக்கியமானது மேற்பரப்பு என்பேன். பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் விரல் ரேகையும் தூசியும் உடனே தெரியும், விளக்கு வெளிச்சமும் கண்ணில் அடிக்கும். மங்கலான மேற்பரப்பு நம் வியர்வைக்கும் புழுதிக்கும் ஏற்றது. விசைகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் கொண்டவை காலப்போக்கில் தேய்ந்து எண்ணெய் பூசியது போல மினுங்கும். பிபிடி பிளாஸ்டிக் நீண்ட நாள் தாங்கும். சில பெட்டிகளில் இது குறிப்பிடப்பட்டிருக்கும். வெள்ளை ஏபிஎஸ் கீபோட்டை ஜன்னலோரம் வெயில்படும் இடத்தில் வைத்தால் மஞ்சளாகும். செயற்கைத் தோல் விரிப்பும் அப்படித்தான். படத்தில் அழகு, நம் ஈரக் காற்றில் சில காலத்தில் செதில் செதிலாக உரியும். றப்பர் அடியுடைய துணி விரிப்பைச் சவர்க்காரத்தில் மெதுவாகக் கழுவி நிழலில் உலர்த்தலாம்.

வாப்பாவும் மகளும் சமாதானமாகக்கூடிய வழி இந்த விரிப்பில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கீபோட்டையும் மௌஸையும் சேர்த்துத் தாங்கும் ஒரு நீண்ட விரிப்பை, மேசை மரத்தின் நிறத்துக்கோ சுவரின் நிறத்துக்கோ இசைவாக வாங்குங்கள். நிறம் வேறுபட்ட பழைய சாமான்கள் கூட ஒரே விரிப்பில் வைத்ததும் ஒரு குடும்பமாகத் தெரியும். செலவோ ஒரு பொருளுக்கு மட்டுமே. அதன்பின் எது கைக்கு வலி தருகிறதோ, எது பழுதாகிறதோ அதை மட்டும் விரிப்பின் நிறத்துக்கு ஏற்ப மாற்றலாம். மணிக்கட்டு அணையை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கீபோட்டின் பின்புறக் கால்களை மடக்கிவிட்டுக் கதிரையைச் சற்று உயர்த்தினாலே பலருக்கு மணிக்கட்டு நேராகிவிடும்.

விரிப்பு வாங்கும்போது ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஃபாவின் படமும் குர்ஆன் வசனமும் அச்சிட்ட மௌஸ் விரிப்புகள் விற்பனைக்கு வருகின்றன. நல்லெண்ணத்தில் அன்பளிப்பாகவும் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதன்மேல் முழங்கை ஊன்றுகிறோம், தேநீர் சிந்துகிறோம், பிள்ளைகள் பிஸ்கட் வைத்துத் தின்கிறார்கள், ஈற்றில் அது குப்பைக்குப் போகிறது. அல்லாஹ்வின் வசனத்துக்கு இதுவா இடம்? கோடுகளும் பூவேலையும் போதுமே.

எமது வீடுகளுக்கே உரிய இன்னொரு விடயம் மொழி. ஒரே கீபோட்டில் உம்மா தமிழில் கடிதம் எழுதுகிறார், மகள் ஆங்கிலத்தில் வேலை செய்கிறார், அரபுக் கல்லூரியில் ஓதும் மகன் அரபியில் தட்டுகிறான். எழுத்து ஒட்டிகள் ஒட்டினால் அழகு கெட்டுவிடும் என்று தடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அழகுக்காக உம்மா எழுதுவதை நிறுத்திவிட வேண்டுமா? ஊடுருவித் தெரியும் ஒட்டிகளை வாங்கி, கறுப்பு விசைக்கு வெளிர் நிற எழுத்து, வெள்ளை விசைக்குக் கடும் நிற எழுத்து என்று தெரிவுசெய்தால் அவையே ஒரு அலங்காரமாகிவிடும். அரபிக்கு ஒரு நிறம், தமிழுக்கு வேறொரு நிறம் என்றிருந்தால் தேடும் கண்ணுக்கும் வசதி. பழைய தட்டச்சு இயந்திரம் போல வட்ட விசைகளோடு வரும் கீபோட்களில் சதுர ஒட்டிகள் ஒழுங்காக உட்காராது என்பதை வாங்குமுன் யோசியுங்கள். தமிழ் ஒட்டியிலும் ஒரே முறை இல்லை. நம் நாட்டில் பலர் பாமினிக்குப் பழகியவர்கள். தமிழ்நாட்டில் 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 வேறு முறை. உங்கள் கணனியில் எந்த முறை உள்ளதோ அதற்குரியதையே கேட்டு வாங்க வேண்டும்.

இடக்கையால் மௌஸ் பிடிக்கும் பிள்ளையை அதட்ட வேண்டுமா என்றும் சில தாய்மார் கேட்பதுண்டு. உண்பதிலும் குடிப்பதிலும் வலக்கையைப் பேணப் பழக்குங்கள். மௌஸ் ஒரு கருவி, அதற்காக அடித்துத் திருத்த வேண்டியதில்லை. இருபுறமும் ஒத்த வடிவமுள்ள மௌஸை வாங்கினால் வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் ஒன்றையே பாவிக்கலாம். வானவில் போல ஒளிரும் கீபோட் ஏற்கனவே வீட்டில் இருந்தால், பெரும்பாலானவற்றில் அந்த வெளிச்சத்தை ஒரே நிறமாக்கவோ அணைக்கவோ முடியும். அதே அறையில் உறங்குபவர்களுக்கும் அது நிம்மதி.

புதியது வந்த பின் பழையதை அலுமாரியில் போட்டு வைக்காதீர்கள். அயலில் படிக்கும் பிள்ளைக்கோ மத்ரஸாவுக்கோ கொடுங்கள். கொடுக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டித் தூசி நீக்கி, சற்றே ஈரமான துணியால் துடைத்து, பிறகு ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். மிகப் பழையதாயின் செருகியையும் கவனிக்க வேண்டும். 1990களின் இறுதியிலிருந்து வந்த வட்டச் செருகிகளில் கீபோட்டுக்கு ஊதா, மௌஸுக்குப் பச்சை என்று நிறம் வகுத்திருந்தார்கள். புதிய கணனிகள் பலவற்றில் அந்த வட்டத் துளை கிடையாது. வாங்குபவரின் கணனியில் அது உண்டா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.