வெள்ளைக்காரனுக்குக் கடல் இருக்கு, எங்கட பிள்ளைகளுக்கு?

அறுகம்பேயைப் பற்றி முகநூலில் சண்டை தொடங்கினால் இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்கு அது பாவத்தின் கூடாரம், இன்றைக்கே இழுத்து மூடவேண்டும். மற்றக் கட்சிக்கு அது டொலர் காய்க்கிற மரம், அதன் கொப்பை வெட்டிக்கொண்டு வந்து கல்முனையிலும் மருதமுனையிலும் நட்டுவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் லைக் போடுகிறவர்கள் அனேகமாக ஒரே ஆட்கள். அது வேறு கதை.

இரண்டு கட்சியிடமும் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. "எங்களுக்கு" என்றால், இடைவேளையில் தேத்தண்ணியோடு இதைப் பேசிப் பேசியே களைத்துப்போன கொஞ்ச ஆசிரியர்களுக்கும் எங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கும். கடலுக்குக் கேட்கிற தூரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். உயர்ந்த கைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எல்லாம் ஆண்பிள்ளைகள், அதிலும் பாதி கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகள். பெண்பிள்ளைகள் பக்கம் சிரிப்புத்தான் வந்தது. இப்படியொரு கேள்வியைத் தங்களிடமும் கேட்பார்களா என்ற சிரிப்பு.

இங்கிருந்து சுமார் 70 கிலோமீற்றர் தெற்கே, அதே கடலில், அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஏப்ரல் கடைசி தொடக்கம் ஒக்டோபர் வரை பலகையில் ஏறி நின்று விளையாடுகிறார்கள். அங்கே மட்டும் ஏன் அப்படி ஓர் அலை என்று கேட்டால் "அல்லாஹ்ட நாட்டம்" என்று முடித்துவிடுகிறோம். நாட்டம்தான். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கலாம். கச்சான் காலத்தில் தூரத்துத் தென் சமுத்திரத்திலிருந்து புறப்பட்டு வருகிற அலைகள் உல்லையின் முனையில் முட்டி, அந்த வளைவோடு சுற்றி, ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிவரை ஒழுங்காக உடைந்துகொண்டே போகின்றன. பேபி பொயிண்ட், பொத்துவில் பொயிண்ட், பீநட் ஃபார்ம், எலிஃபண்ட் ரொக் எல்லாவற்றிலும் கரையின் வளைவுதான் விஷயம். (விஸ்கி பொயிண்டும் உண்டு. அந்தப் பெயரை வாயால் சொல்லவே எங்களில் சிலருக்கு நெஞ்செரிச்சல்.) கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கரை கோடு போட்டதுபோல் நேராகக் கிடக்கிறது. இங்கே அலை வந்தால் கரையில் அடித்து விழும், இழுத்துக்கொண்டும் போகும். ஆகவே "கல்முனையை இன்னொரு அறுகம்பே ஆக்குவோம்" என்று மேடையில் சொல்கிறவர் கடலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா தெரியவில்லை.

அந்த இழுவைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். பெருநாள் முடிந்த பின்னேரம் "கடலில் குளிக்கப் போன இளைஞர்" என்று தொடங்குகிற செய்தி எங்கள் கரையில் எந்த ஊரிலிருந்தும் வராத வருஷம் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். கரையில் வந்து விழுகிற தண்ணீர் எல்லாம் திரும்பக் கடலுக்குப் போகவேண்டும். மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக ஓர் ஆறுபோல அது ஓடும். மேலே நின்று பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் அமைதியாக இருக்கும். குளிக்க நல்ல இடம் என்று பிள்ளைகள் தேடிப்போய் இறங்குவது அங்கேதான். இழுத்துக்கொண்டு போகும்போது கரையைப் பார்த்து நீந்தினால் எப்பேர்ப்பட்டவனும் களைத்துப்போவான். கரைக்குச் சமாந்தரமாகக் கொஞ்ச தூரம் நீந்தினால் இழுவை விட்டுவிடும். நீந்தத் தெரியாவிட்டால் பதறாமல் மல்லாந்து மிதக்கவேண்டும், கையை உயர்த்திக் காட்டவேண்டும். கரையில் நிற்பவர் பின்னால் பாயக்கூடாது, மிதக்கிற எதையாவது எறியவேண்டும். அண்ணனைக் காப்பாற்ற தம்பி பாய்ந்து இரண்டு மையித்தும் ஒன்றாகக் கரையொதுங்குவது அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தான்.

அறுகம்பேயில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் நிற்கிறார்கள். தண்ணீரில் தத்தளித்த வெளிநாட்டவரை இழுத்தெடுத்தார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. மனசாரப் பாராட்டுகிறோம். எங்கள் ஊர்க் கரைகளில் பெருநாளைக்கு நிற்பது ஐஸ்கிரீம் வண்டி.

பிழையைக் கடலின் தலையில் போட எங்களுக்கு ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஐ நாங்கள் மறக்கமாட்டோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கும் மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஒரு மையித்தாவது எடுக்காத வீதி கிடையாது. அதற்குப் பிறகு "கடல் பக்கம் போகாத" என்பது ஒவ்வொரு உம்மாவின் வாயிலும் ஓர் ஓதலாகிவிட்டது. இன்று எங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். உம்மாவின் பயம் அவர்களுக்கு வந்திருக்கிறது, வாப்பாவின் நீச்சல் வரவில்லை. பயமும் இல்லாத பையன் ஒளித்துப்போய்க் குளிக்கிறான், அவன்தான் செய்தியில் வருகிறான்.

இனி டொலர் மரக் கட்சிக்கு. உங்களுக்கு 2005 ஞாபகம் இருக்கிறதா? சுனாமி முடிந்த கையோடு கரையிலிருந்து மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். மீனவனின் குடிசைக்கு அந்தச் சட்டம், ஹோட்டலுக்கு விதிவிலக்கு. அதே வருஷம் அறுகம்பேக்கென்று ஓர் அபிவிருத்தித் திட்டம் வரைந்தார்கள். அந்தப் படத்தில் பெரிய ஹோட்டல்கள் இருந்தன, கரையிலிருந்து வாடியையும் தோணியையும் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் தமிழ் ஆட்களும் சிங்கள ஆட்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். நயோமி க்ளைன் என்ற கனேடிய எழுத்தாளர் 2007இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எங்கள் உல்லைக் கடற்கரையில்தான் தொடங்குகிறது. உலகம் வாசித்தது, நாங்கள் வாசிக்கவில்லை. அந்தத் திட்டம் அப்படியே நிறைவேறவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "அபிவிருத்தி" என்ற சொல்லைக் கேட்டவுடன் கை தட்டுவதற்கு முன், கரை யாருக்கு என்று ஒரு தடவை கேட்க அந்த வருஷம் ஒன்றே போதும்.

கேட்காமல் கை தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒலுவில் இருக்கிறது. மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் கனவு, டென்மார்க்கின் கடனுதவி, 2013இல் திறப்புவிழா. கடலுக்குள் கல் அணை போட்டார்கள். எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருகிற மணல். அணை அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாசலும் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவில் ஊரையும் நிந்தவூரையும் கடல் தின்னத் தொடங்கியது. தென்னந்தோப்பு போனது, தோணி ஏற்றி வைத்த இடம் போனது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் வெளிச்ச வீட்டின் கீழ் உட்கார்ந்து கடலை கொறித்த கரையில் இப்போது பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது. கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போக இருந்த இடம் அது. சுற்றுலாவை வளர்க்கப்போகிறோம் என்கிறவர்கள் முதலில் அங்கே போய் நின்றுவிட்டு வரட்டும்.

மூடச் சொல்கிற கட்சிக்கும் சில வார்த்தை. உல்லையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்களில், வேன் ஓடுபவர்களில், மீன் கொடுப்பவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களின் ஸகாத்தும் பள்ளிக் கணக்கில் சேருகிறது. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போகவேண்டாம் என்று ஓர் அறிவித்தல் விட்டது. வீதியெங்கும் பொலிஸும் படையும் வந்து நின்றது. இஸ்ரேல் தன் ஆட்களை வெளியேறச் சொன்னது. காஸாவைப் பார்த்துக் கொதிக்காத வீடு எங்களிடம் இல்லை. யாருக்கு விசா கொடுப்பது, அனுமதி இல்லாமல் நடக்கிற வியாபாரத்தையும் கட்டடத்தையும் என்ன செய்வது என்பதெல்லாம் அரசாங்கம் சட்டப்படி பதில் சொல்லவேண்டிய கேள்விகள், அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அந்த வாரம் வெறுமையான அறையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தவர் பொத்துவில் ஆள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு என்ன பட்டோம் என்பதைச் சாய்ந்தமருதுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பதற்றத்தைக் கிளப்புகிற பதிவை எழுதிவிட்டு நீங்கள் தூங்கலாம், கடன் எடுத்து அறை கட்டியவன் தூங்கமாட்டான்.

வெள்ளைக்காரியின் உடுப்பைப் பற்றி ஆயிரம் பதிவு பார்த்துவிட்டோம். எங்கள் உம்மாமாரும் ராத்தாமாரும் தங்கச்சிமாரும் எங்கே கடல் பார்ப்பது என்று ஒரு பதிவு கண்டதில்லை. இஷாவுக்குப் பிறகு, இருட்டில், ஆட்டோவில் போய் இறங்கி, கால் நனைத்து, யாராவது வருவதற்குள் ஏறிவிடுகிறார்கள். மலசலகூடம் இல்லை, வெளிச்சம் இல்லை, உடுப்பு மாற்ற நாலு தகரம் இல்லை. பெருநாளைக்கு வேன் பிடித்து நுவரெலியாவுக்கும் தெற்குக் கடற்கரைகளுக்கும் போகிறோம். அங்கே ஒரு ஹோட்டல் தடாகத்தில், முழு உடுப்போடு இறங்கக்கூடாது என்று எங்கள் பெண்பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளியூரில் இறங்க விடுவதில்லை, உள்ளூரில் இறங்க இடம் இல்லை.

2018இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். இலங்கையிலேயே அதுதான் முதலாவது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள், பிள்ளை பெற்றவர்களும் உண்டு. பொம்பிளைக்கு என்ன அலை என்று ஊர் கேட்டது, அவர்கள் இறங்கினார்கள். எங்கள் பெண்பிள்ளைகள் பலகையில் ஏறவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்லி உமர் (ரழி) அவர்களின் பேரில் வருகிற கூற்றை எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்? அதில் பெண்பிள்ளையைக் கழித்துவிட்டுச் சொன்ன ஒரு மௌலவியையும் நாங்கள் கேட்டதில்லை. கற்றுக்கொடுக்க ஒரு பெண், மறைப்பு, வாரத்தில் இரண்டு நேரம். அவ்வளவு பெரிய செலவா?

குப்பையை விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. லாகுகலையிலும் குமணையிலும் யானை பார்க்க வெளிநாட்டுக்காரன் காசு கட்டுகிறான். எங்கள் ஊர்களின் குப்பை போய்ச் சேருகிற பள்ளக்காட்டில் யானை இலவசம். பிளாஸ்டிக் தின்று எட்டு வருஷத்தில் சுமார் 20 யானைகள் செத்தன என்று 2022இல் உலகச் செய்திகளில் அந்த இடத்தின் படம் வந்தது. கல்முனை என்று தேடிய ஒரு சுற்றுலாப் பயணி முதலில் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். வலீமா வீட்டுச் சோத்துப் பார்சல் உறை எங்கே போகிறது என்று நாங்களும் கேட்டதில்லைதானே.

நாங்கள் கேட்பது இது. அரசியல்வாதியின் பெயர்ப்பலகை போட்ட இன்னொரு கொங்கிறீட் பூங்கா வேண்டாம், இருக்கிற ஊஞ்சல்களே துருப்பிடித்துப் போயின. ஒவ்வொரு ஊர்க் கரையிலும் குளிக்கத் தோதான ஓர் இடத்தைக் கரைவலைக்காரர்களிடம் கேட்டு அடையாளம் வையுங்கள். இழுவை எங்கே என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கே சிவப்புக் கொடி, விடுமுறை நாளில் பயிற்சி பெற்ற இரண்டு பேர், வெளிச்சம், மலசலகூடம். அந்த இரண்டு பேரும் எங்கள் ஊர் இளைஞர்களாகவே இருக்கட்டும், சம்பளத்தோடு. வெளியூர்க்காரன் வந்தால் அவனும் அங்கே குளிக்கட்டும், மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகட்டும். ஊர்ப் பிள்ளை பயமில்லாமல் இறங்குகிற கரைக்குத்தான் விருந்தாளியும் பயமில்லாமல் வருவான். காரைதீவுப் பிள்ளைக்கும் பாண்டிருப்புப் பிள்ளைக்கும் இதே கடல்தான், அவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

சபையின் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு எந்த வரி என்று உறுப்பினர்கள் பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது, நோன்புப் பெருநாள் வருகிறது. காற்றடைத்த லொறி ரியூப் நாலு, நீள நைலோன் கயிறு, விசில், பெருநாள் பின்னேரம் கரையில் நிற்க ஊருக்குப் பத்துப் பேர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் பழைய ரியூப் வைத்திருப்பவர்களும் கீழே பெயர் எழுதுங்கள். "மாஷா அல்லாஹ், அருமையான பதிவு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவேண்டாம்.