கேமரா யாரை நோக்குகிறது?

2024 பிப்ரவரியில் பெங்களூரு ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், பயணச்சீட்டு வைத்திருந்த முதிய விவசாயி ஒருவர் தடுத்து நிறுத்தப்பட்டார். தலையில் ஒரு மூட்டை. உடலில் அழுக்கேறிய சட்டை. அதுவே அவர் செய்த குற்றம்! சக பயணிகள் தட்டிக் கேட்டனர். கைபேசியில் படமும் பிடித்தனர். காணொளி நாடெங்கும் பரவிய பின்னரே மெட்ரோ நிர்வாகம் வருத்தம் தெரிவித்து, பாதுகாப்பு மேற்பார்வையாளரைப் பணிநீக்கம் செய்தது. (சட்டையைப் பார்த்து மனிதரை எடைபோடும் பாடத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் யார் என்பது தனிக் கேள்வி.) ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அன்று ஏற்றியது அந்தக் கைபேசி.

2025 மே மாதம், இதே மெட்ரோவில் பெண்களை அவர்கள் அறியாமல் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட இழிசெயல் அம்பலமானது. பனசங்கரி காவல்துறை வழக்குப் பதிந்தது; ஒருவர் கைதானார். கைது சரியே. ஆனால் இதைக் காட்டி, மெட்ரோவில் படமெடுப்பதையே தடைசெய்க என்போர் யாருக்குத் துணைபோகிறார்கள்? ஒளிந்து எடுப்பவன் தடைக்குப் பின்னும் ஒளிந்தே எடுப்பான். அநீதியைக் கண்டு வெளிப்படையாகக் கைபேசியை உயர்த்துபவரே பிடிபடுவார்.

நிலையமெங்கும் நிர்வாகத்தின் கேமராக்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அப்பதிவுகளின் சாவி நம்மிடம் இல்லை. பயணியின் உடலைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பது குற்றம். பயணியை அதிகாரம் நடத்தும் விதத்தைப் படமெடுப்பது உரிமை. இவ்விரண்டையும் பிரித்தெழுதி, நிலையந்தோறும் கன்னடத்திலும் தமிழிலும் மெட்ரோ நிர்வாகம் ஒட்டட்டும்.