வரும் கப்பலுக்கும் போகும் கப்பலுக்கும் நடுவே



2024 ஜூன் 8 அன்று மும்பை விமான நிலையத்தில் திருவனந்தபுரம் செல்லும் ஏர் இந்தியா விமானம் ஓடுபாதையைவிட்டு எழும்பிக்கொண்டிருந்த வேளையில், இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அதே பாதையில் அதன் பின்னாலேயே இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் விசாரணை தொடங்கியது. கட்டுப்பாட்டு அறை அலுவலர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். முன்னது ஓடுபாதையின் முனையைக் கடக்கும்வரை அல்லது திரும்பத் தொடங்கும்வரை பின்னது பாதைக்குள் வரக்கூடாது என்பது விமானத் துறையின் பொதுவிதி. இடைவெளி குறைந்தாலே அங்கே தவறு நடந்துவிட்டதாகப் பொருள். அந்த அளவுகோல் எண்ணூர்க் கடலுக்கும் வேண்டும்.

2017 ஜனவரி 28 அதிகாலை 4 மணி வாக்கில் எண்ணூரின் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே நடந்ததை வடசென்னை மறக்காது. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதிக்கொண்டன. ஒன்று வருகிறது, ஒன்று போகிறது; மும்பையில் நூலிழையில் தப்பிய அதே நிலைமைதான், இங்கே தப்பவில்லை. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. ஆனால் டான் காஞ்சிபுரத்தின் சொந்த எரிபொருளான உலை எண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளில் தார்போல அப்பிக் கிடந்தது. உறிஞ்சு லாரியின் குழாயில் ஏறாத அளவுக்கு அது கெட்டிப்பட்டிருந்ததால், மாணவர்களும் மீனவர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் அள்ளி அள்ளிக் கைமாற்றினார்கள். கறை மெரினா வரைக்கும் போனது. காசிமேட்டில் மீன் வாங்க ஆளில்லாமல் போயிற்று.

கடல் பரந்தது, அதை ஓடுபாதையோடு எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். நடுக்கடலுக்கு அந்த வாதம் பொருந்தும். துறைமுக வாசலுக்குப் பொருந்தாது. ஆழப்படுத்திய வாய்க்காலை விட்டுப் பெரிய டேங்கரால் விலக முடியாது. உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த வாய்க்காலின் முகப்பிலேயே எதிர்ப்படுகின்றன. முழு வேகத்தில் வரும் டேங்கர் நின்று அடங்க ஒரு மைலுக்கு மேலேயும் ஆகலாம். ரேடார் இருக்கிறதே, 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். ரேடார் மும்பையிலும் இருந்தது. கப்பல் விதிகளோ, இரண்டும் நெருங்கிய பிறகு யார் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்பவை. நெருங்கவே விடாமல் தடுப்பது, இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் கரையின் வேலை. விமானிக்கும் கண் இருக்கிறது, கருவி இருக்கிறது. இருந்தும் இடைவெளியை முடிவுசெய்யும் பொறுப்பை விமானத் துறை அவரிடம் மட்டும் விட்டுவிடவில்லை.

உண்மையில் எடைபோட வேண்டிய ஆட்சேபம் பணம்தான். கப்பல் காத்திருந்தால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும், துறைமுகத்தின் வேகம் குறையும். ஏறட்டும் என்றே சொல்வேன். அந்தச் செலவை ஏற்கும் சரக்குக்காரருக்கு ஒப்பந்தம் இருக்கிறது. எண்ணெய் படிந்த வலையோடு நாள்கணக்கில் வேலையின்றி உட்கார்ந்தவர்களிடம் எந்த ஒப்பந்தமும் இல்லை. சென்னை, காமராசர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் ஒரே கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. காட்டுப்பள்ளியை இன்னும் பெரிதாக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. கப்பல்கள் கூடக்கூட இடைவெளி சுருங்கத்தான் செய்யும்.

ஆகவே, வெளியேறும் கப்பல் முகப்பைத் தாண்டி விலகிய பிறகே உள்வரும் கப்பலுக்கு அனுமதி என்பதை இத்துறைமுகங்கள் எழுத்தில் வைக்க வேண்டும். பொறுப்பை மாலுமியின் சமயோசிதத்துக்கு விடக்கூடாது. மோதாமல் தப்பிய சம்பவங்கள் கப்பல் கம்பெனியின் ஏட்டோடு முடிந்துவிடாமல், கப்பல் துறை இயக்குநரகம் அவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அப்படியொரு விதி ஏற்கெனவே இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்வார்களானால், அதைத் தமிழில் அச்சிட்டு நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் ஊர்ப் பஞ்சாயத்துகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர்.