ரத்தம் தெறிச்சா பெரியவங்க படமா?

2017 மார்ச்சில் 'லோகன்' வந்தப்போ எங்க புனே ஆபீஸ் கேண்டீனில் ரெண்டு கட்சி. முதல் கட்சி சொன்னது: "பதினேழு வருஷம் கழிச்சு இப்பத்தான்யா வுல்வரின் நகத்துல ரத்தத்தைக் காட்டியிருக்கான். இதான் படம்!" ரெண்டாவது கட்சி புலம்பினது: "பையனுக்கு வுல்வரின் பொம்மை வாங்கிக் கொடுத்திருக்கேன். அவனைக் கூட்டிட்டுப் போக முடியாத சூப்பர் ஹீரோ படம் எதுக்கு?"

வருஷம் பல ஆச்சு, சண்டை ஓயலை. என்னைக் கேட்டா, ரெண்டு கட்சியும் படத்தைச் சரியாப் பார்க்கலை.

முதல்ல ரத்தக் கட்சி. அமெரிக்காவில் ஆர், நம்மூரில் ஏ. அந்த ஒரு எழுத்து கிடைச்சிட்டா படம் பெரியவங்க படம் ஆயிடுமா? 2016-ல் வந்த 'டெட்பூல்' கூட ஆர் தான். வெட்டு, குத்து, கெட்ட வார்த்தை. நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன், இல்லைங்கலை. ஆனா அது பன்னெண்டு வயசுப் பையன் வீட்டில் யாரும் இல்லாதப்போ பேசற பேச்சு. அதுக்குப் பேர் முதிர்ச்சி இல்லை.

'லோகன்'ல பெரியவங்களுக்கான விஷயம் எது தெரியுமா? உலகத்தையே மனசால ஆட்டி வெச்ச பேராசிரியர் சேவியர், தொண்ணூறு வயசில் மூளை நோயோட ஒரு கவிழ்ந்த தண்ணித் தொட்டிக்குள்ள கிடக்கிறார். மாத்திரை தவறினா வலிப்பு வந்து சுத்தி இருக்கிறவங்களுக்கே ஆபத்து. அந்த மாத்திரைக்காக லோகன் வாடகைக் கார் ஓட்டறான். கிழவரைத் தூக்கிட்டுப் போய் கழிப்பறையில் உக்கார வைக்கிறான். எரிஞ்சு விழறான். மறுபடியும் தூக்கறான். ஊரில் வயசான அப்பா அம்மாவை விட்டுட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உக்காந்திருக்கிற நமக்குக் கத்தி பாயற இடம் இது. இதைப் பத்தி கேண்டீனில் ஒருத்தர் வாயைத் திறக்கலை. எத்தனை தலை உருண்டுதுங்கற கணக்குத்தான் ஓடிச்சு.

சரி, பொம்மைக் கட்சிக்கு வருவோம். படம் குழந்தைகளோட ஹீரோவைப் பிடுங்கிக்கிச்சாம். ஐயா, படத்தைப் பாருங்க. லாரா கையில் எக்ஸ்-மென் காமிக்ஸ் வெச்சிருக்கா. எல்லாம் கட்டுக்கதைன்னு லோகன் கிண்டல் பண்றான். கடைசியில் அந்தக் காமிக்ஸ் காட்டின இடத்துக்குத்தான் போய்ச் சேர்றாங்க, பிள்ளைங்க அங்க நிஜமாவே இருக்காங்க. அவனைப் புதைக்கிறப்போ ஒரு சின்னப் பையன் கையில் வுல்வரின் பொம்மை. குழந்தைகளோட நம்பிக்கைக்கு இதைவிட மரியாதை எந்தப் படம் செஞ்சுது?

அதுக்காக அவங்களைத் தியேட்டருக்கு இழுத்துட்டுப் போகணும்னு இல்லை. நான் பார்த்த காட்சியில் பக்கத்து சீட்டில் ஆறு வயசுப் பொண்ணு. ஏ படம், வாசல்ல யாரும் கேக்கலை. முதல் சண்டையிலேயே அம்மா துப்பட்டாக்குள்ள முகத்தைப் புதைச்சிக்கிச்சு. அப்பா, "பயப்படாதே, எல்லாம் கெட்சப்"னு சமாதானம் சொல்றார். இந்தப் படம் குழந்தைங்களுக்கு இல்லைன்னு எடுத்தவரே சொல்லிட்டார், சென்சாரும் சொல்லிடுச்சு. டிக்கெட் எடுத்தது நாம. அப்புறம் டைரக்டரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

ஒரு வேடிக்கை கேளுங்க. 2024-ல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வந்துது. ஆரம்பத்திலேயே லோகன் புதைகுழியைத் தோண்டி, அவன் எலும்பையே ஆயுதமா வெச்சு வெட்டறாங்க. 130 கோடி டாலருக்கு மேல வசூல். 2017-ல் கண்ணைத் துடைச்சிட்டு வெளிய வந்த அதே ரசிகர்கள் கை தட்டினாங்க. நகைச்சுவைதான், தெரியும். ஆனா அன்னிக்கு அழுதது எதுக்குன்னு யாராவது தன்னையே கேட்டுப் பார்த்தாங்களா? நமக்கு வேண்டியிருந்தது அந்தச் சாவோட கனமா, வெறும் ரத்தமா?

அன்னிக்குப் படம் முடிஞ்சு பார்க்கிங்கில் நின்னு ஊருக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். "ராத்திரி மாத்திரை போட்டாச்சாப்பா?"ன்னு கேட்டேன். "என்னடா, பதினோரு மணிக்கு இதைக் கேக்கவா கூப்பிட்டே?"ன்னு சிரிச்சார்.

இதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். அந்தப் படம் எனக்குக் கொடுத்த ஏ சர்டிபிகேட் அதுதான்.