சமரசம் பேசுபவர் கையில் சாட்டை எதற்கு?

திருவனந்தபுரம் வலியசாலையை ஒட்டிய சாலைக் கடைவீதியில் அரிசி மூட்டையும் காய்கறிக் கூடையும் லாரியிலிருந்து இறங்குவதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டப்படி, சுமை தூக்குபவர் உதவித் தொழிலாளர் அலுவலரிடம் பதிவு செய்து அடையாள அட்டை பெற வேண்டும். இறக்குக்கூலியில் கடைக்காரருக்கும் சங்கத்துக்கும் இழுபறி வந்தால், இருவரையும் பேச்சுக்கு அழைப்பது தொழிலாளர் துறை. வேலையே செய்யாமல் கேட்கப்படும் நோக்குகூலி பற்றிப் புகார் வந்தால் விசாரிப்பதும் அதே துறை. கடைச் சிப்பந்திகளுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதும், கிடைக்காவிட்டால் வழக்குப் போடுவதும் அந்தத் துறையேதான். இப்படிப் பதிவு, சோதனை, வழக்கு, சமரசம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. இவற்றில் சமரசத்தை மட்டும் பிரித்தெடுத்து, அமைச்சரின் அன்றாடக் கட்டளைக்கு உட்படாத ஒரு சட்டபூர்வ வாரியத்திடம் கேரளம் ஒப்படைக்க வேண்டும்.

இப்போதைய அமைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. உச்சியில் தொழிலாளர் ஆணையர், அவருக்குக் கீழே வட்டார இணை ஆணையர்கள், மாவட்டந்தோறும் தொழிலாளர் அலுவலர்கள், அடித்தளத்தில் உதவித் தொழிலாளர் அலுவலர்கள் என்று மாநிலம் முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் சமரச அலுவலருக்குப் பெரிய மதிப்பு தந்தது. நிர்வாகமும் ஒரு சங்கமும் தமக்குள் கையெழுத்திடும் ஒப்பந்தம் அந்த இரு தரப்பை மட்டுமே கட்டும். அதே ஒப்பந்தம் சமரச நடவடிக்கையின்போது ஏற்பட்டால், அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், பின்னால் வேலைக்குச் சேரப்போகிறவரையும்கூடக் கட்டும். ஆனால் இவ்வளவு கனமான பொறுப்பைச் சுமக்கும் அலுவலருக்கென்று தனிப் பணிப்பிரிவு கிடையாது. கேரளத்தில் அமலாக்கத்துக்கு ஒருவர், பொதுப்பணிக்கு ஒருவர் என்று மாவட்டத் தொழிலாளர் அலுவலர் பதவி இரண்டாகப் பிரிந்திருப்பது நல்ல தொடக்கம். இருந்தும் இருவரும் ஒரே ஆணையருக்குக் கட்டுப்பட்டவர்கள். இன்று சமரசம் பேசுபவர் நாளை மாற்றலாகிச் சோதனைக்கு வரலாம். அடித்தட்டு அலுவலரிடம் அந்தப் பிரிவினையும் கரைந்துவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சமரசப் பேச்சின் உயிர் இரகசியத்தில் இருக்கிறது. இரு தரப்பையும் தனித்தனியாக உட்காரவைத்து, உண்மையில் எதுவரை இறங்கி வருவீர்கள் என்று கேட்டறிவதுதான் சமரசக்காரரின் தொழில்நுட்பம். ஓவர்டைம் கணக்கில் கோளாறு இருக்கிறது, அதையும் சேர்த்துத் தீர்த்துவிடலாம் என்று ஒரு முதலாளி மனம் திறக்க நினைத்தால், எதிரே இருப்பவர் அடுத்த மாதம் அதே கோளாறுக்காக வழக்குப் போடக்கூடியவர் என்பது அவர் வாயை அடைத்துவிடும். தொழிலாளிக்கு வேறு பயம்: உடன்பாட்டை எப்படியாவது முடித்துக் கணக்குக் காட்டும் அவசரத்தில், சட்டப்படி தரவேண்டிய கூலியிலேயே அலுவலர் பேரம் பேசிவிடுவாரோ என்ற பயம். குறைந்தபட்சக் கூலி பேரத்துக்கு உரியதே இல்லை. அதை வாங்கித் தருவது ஆய்வாளரின் கடமை. ஆய்வும் சமரசமும் வேறு வேறு கைகளில் இருக்க வேண்டும் என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொழிலாளர் ஆய்வு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949-இல் ஏற்றது. ஆய்வாளருக்குத் தரப்படும் கூடுதல் வேலைகள் அவருடைய நடுநிலையைக் குலைக்கக் கூடாது என்கிறது அது. அதனோடு வந்த 1947-ஆம் ஆண்டுப் பரிந்துரையோ, தொழில் தகராறில் சமரசம் செய்வதும் தீர்ப்பளிப்பதும் ஆய்வாளரின் வேலையாக இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இரண்டாவது குறை, மேசையைச் சுற்றி யார் உட்காரலாம் என்பதில் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையை மறித்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம் நிர்வாகத்தோடு சேர்த்துத் தன் சொந்தச் சங்கத் தலைவர்களையும் எதிர்த்தது. முதலமைச்சர் உம்மன் சாண்டி தலையிட்ட பிறகு, 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக அவர்கள் கேட்ட 20 விழுக்காடு கிடைத்தது. அடுத்து நாட்கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக்கக் கேட்டபோது, பேச்சு தோட்டத் தொழிலாளர் குழுவுக்குப் போனது. அரசு, தோட்ட உரிமையாளர்கள், அங்கீகாரமுள்ள சங்கங்கள் என மூன்று தரப்பும் கூடும் குழு அது. பதிவுபெற்ற சங்கமாக இல்லாததால், போராட்டத்தைத் தொடங்கிய பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. அக்டோபரில் தேயிலைக்கு 301 ரூபாய் என்று முடிவானது. தொகை போதுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கொழுந்து பறிக்கும் கைகளின் கோபம் முதலமைச்சர் வரை போய்த்தான் அடங்கியது என்றால், அதற்கு முன்னிருந்த அடுக்குகளின் காதுக்கு அது எட்டவில்லை என்றுதான் பொருள். தெரிந்த சங்கங்களோடு மட்டுமே பேசிப் பழகிய துறைக்குப் புதிய குரலைக் கேட்கும் கடமையும் இல்லை, தூண்டுதலும் இல்லை.

மூன்றாவது குறை, அரசே ஒரு தரப்பாகும்போது வெளிப்படுகிறது. 2025 பிப்ரவரி 10 முதல் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்களில் ஒரு பிரிவினர் வலியசாலைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள தலைமைச் செயலகத்தின் வாசலில் எட்டு மாதங்களுக்கும் மேலாக இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். 7,000 ரூபாய் கௌரவ ஊதியத்தை 21,000 ஆக்கக் கேட்டார்கள். அக்டோபர் இறுதியில் 1,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. ஆஷா திட்டத்தின் ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள், தொழிலாளர்கள் அல்லர். அவர்களோடு பேச அமர்ந்தவர்கள் சுகாதார அமைச்சரும் தொழிலாளர் அமைச்சரும். பணம் கொடுக்க வேண்டிய அரசின் அமைச்சரே நடுவராகவும் இருக்க முடியாது. கஜானாவில் இடமில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், அதைச் சொல்பவர் எதிர்த்தரப்பு என்பதால் நம்ப ஆளில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கணக்கை வாங்கிப் பார்த்து இரு தரப்புக்கும் எடுத்துச்சொல்ல, அரசுக்கு வெளியே ஓர் ஆள் தேவை.

இந்தத் தேவையை உணர்ந்தவர்கள் முன்பே உண்டு. கஜேந்திரகட்கர் தலைமையிலான முதல் தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969-இல், மத்தியிலும் மாநிலங்களிலும் அரசின் பிடிக்கு வெளியே தொழில் உறவு ஆணையங்கள் அமைத்து, சமரசப் பணியை அவற்றிடம் விடச் சொன்னது. அரை நூற்றாண்டு கடந்தும் அது ஏட்டிலேயே இருக்கிறது. பிரிட்டனில் 1974-இல் தொடங்கிய ஏகாஸ் என்ற சமரச அமைப்புக்கு அடுத்த ஆண்டே சட்டத்தின் ஆதாரம் கிடைத்தது. அரசுப் பணத்தில்தான் இயங்குகிறது. ஆனால் அதை வழிநடத்தும் மன்றத்தில் முதலாளிகள், சங்கங்கள், பொதுவானவர்கள் இருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு தகராறை எப்படிக் கையாள வேண்டும் என்று அமைச்சர் அதற்கு உத்தரவிட முடியாது.

எதிர்வாதங்களில் வலுவானது சங்கங்களிடமிருந்து வருவது. அமைச்சர் கூப்பிட்டால்தான் முதலாளி வருகிறார், மூணாறில் முதலமைச்சர் தலையிட்டதால்தானே போனஸ் கிடைத்தது, பல்லில்லாத வாரியத்தை யார் மதிப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. இதில் நியாயம் உண்டு. ஆனால் அமைச்சரின் கைவலிமை, வீதியை மறிக்கும் பலம் உள்ளவர்களுக்குத்தான் உதவும். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் துணிக்கடைச் சிப்பந்திக்காக எந்த அமைச்சரும் தொலைபேசியை எடுக்கப்போவதில்லை. ஆஜராகக் கட்டளையிடவும் ஆவணங்களை வரவழைக்கவும் இன்றைய சமரச அலுவலருக்குச் சட்டம் தரும் அதிகாரம் வாரியத்துக்கும் அப்படியே இருக்கலாம். பிரிய வேண்டியது, தண்டிக்கும் அதிகாரம் மட்டுமே. எல்லாப் படியும் தோற்ற பிறகு அமைச்சர் தலையிடுவதையும் யாரும் தடுக்கப்போவதில்லை.

ஏற்கெனவே வாரியங்கள் மலிந்த மாநிலத்தில் இன்னொன்றா என்பது அடுத்த கேள்வி. புதிய பட்டாளம் வேண்டாம். மாவட்டப் பொதுப்பணிப் பிரிவு அலுவலர்களை, விருப்பம் கேட்டு, பயிற்சி கொடுத்து, திரும்ப அமலாக்கத்துக்கு மாற்ற முடியாதபடி வாரியத்துக்கு நகர்த்தினால் தொடங்கிவிடலாம். தன்னாட்சி என்பது காகிதக் கோட்டை என்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். 1947 முதல் தொழிலாளர் துறைக்கு வெளியே இயங்கிவரும் அங்குள்ள கூட்டாட்சிச் சமரச அமைப்பை 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஒரே ஆணையால் சுருக்க முற்பட்டது உண்மைதான். ஆனால் நாடாளுமன்றம் சட்டமியற்றி உருவாக்கிய அமைப்பு என்பதால் மாநிலங்கள் வழக்குத் தொடுக்க முடிந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நீதிமன்றமும் தடை விதித்தது. வெறும் அரசாணையால் பிறந்திருந்தால் அந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது. சட்டசபையில் நிறைவேறும் சட்டம் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு இந்தக் கோரிக்கைக்கு அவசரம் கூட்டியிருக்கிறது. கேரளத் தொழிலாளர் அமைச்சர் சிவன்குட்டி அப்போதே அதை எதிர்த்தார். எதிர்ப்புக்குக் காரணங்கள் உண்டு: 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தம் கூடாது, சமரசம் நடக்கும்போது கூடவே கூடாது என்கிறது அது. தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அரசின் பழைய அதிகாரமும் அதில் இல்லை. சமரசம் முறிந்தால் தரப்பினரே நேராகப் போகலாம். ஆக, வேலைநிறுத்தத்துக்கும் வழக்குக்கும் முன்னால் தொழிலாளிக்கு மிஞ்சுவது சமரச மேசை ஒன்றுதான். தொழிலாளர் நலன் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. சமரச அலுவலர்களை நியமிப்பதும் மாநிலத்தின் கையில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தை எதிர்க்கும் கேரளம், அதைவிட நல்ல மாதிரி ஒன்றைக் கட்டிக்காட்டுவதற்கு வழியும் இருக்கிறது. முத்தரப்பு மன்றம், பதிவுபெறாத கூட்டமைப்புகளையும் கௌரவ ஊதியக்காரர்களையும் பேச்சுக்கு அழைக்கும் கடமை, பேச்சில் சொன்னதை வழக்கில் பயன்படுத்தத் தடை, ஆண்டுதோறும் சட்டசபையில் வைக்கப்படும் அறிக்கை ஆகிய நான்கும் வாரியத்தை அமைக்கும் மாநிலச் சட்டத்தில் இருந்தாக வேண்டும். 1969-இல் சொல்லப்பட்டதை நாட்டிலேயே முதலில் செய்துகாட்டிய மாநிலம் என்ற பெயரும் அப்போது கேரளத்துக்குக் கிடைக்கும்.